பாடுற ஆக்கள்

என் கணவர் பல்லரோச் சந்தைக்குப் பின்னால் ஒரு மகசீனோ வாடகைக்கு எடுத்து வைத்திருக்கிறார். யன்னல் இல்லாத தரைத்தள அறை. முந்தி யாரோ மரக்கறிப் பெட்டி அடுக்கிய இடம், மழை பெய்தால் இன்னும் கோவா இலை வாசம் வரும். இப்போது அதற்குள் அவருடைய ஸ்பீக்கர்ப் பொக்ஸ்கள், அம்ப், மிக்சர், வயர்ச் சுருள்கள். பலெர்மோவில் எங்கள் தமிழ் ஆட்களின் கலியாணம், சாமத்தியச் சடங்கு, பிறந்தநாள் எதுவென்றாலும் சவுண்ட் போடுகிறவர் அவர்தான். மற்ற நாட்களில் அவர் கட்டடங்களின் மாடிப்படி துடைக்கிறார், நான் இத்தாலிய வீட்டம்மாக்களான சிஞ்ஞோராக்களின் வீடு துடைக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை என்று உலகத்துக்கு ஒரு ஓய்வுநாள் இருக்கிறதாம். எங்களுக்கு அது பொக்ஸ் தூக்குகிற நாள். ஒரு பக்கம் அவர் பிடிப்பார், மறுபக்கம் நான்.

என் களைப்பைப் பற்றி எழுதப் போவதில்லை, தொடங்கினால் முடியாது. எழுத நினைப்பது அந்த மகசீனோவுக்குள் வந்து சேர்ந்த காம்பியா நாட்டு இளைஞர் இருவரைப் பற்றி. பெயர் சொல்ல மாட்டேன். ஒருவனை ராப்காரன் என்றும், லாப்டொப்பில் அவனுக்குத் தாளம் செய்து கொடுக்கிற மற்றவனைப் பீட்காரன் என்றும் எழுதுகிறேன். அவர்களோடு நாங்கள் கதைத்தது இத்தாலியனில். எங்கள் நாலு பேருடைய இத்தாலியனும் நாலு விதமாக உடைந்தது. அதை என் வாய்க்கு வருகிற தமிழில் இங்கே போடுகிறேன்.

முதல் சந்திப்பே சண்டை. சந்தைக்குப் பக்கத்துச் சின்னச் சதுக்கத்தில் ஒரு கோடை மாலையில் நிகழ்ச்சி செய்வதற்கு எங்கள் பொக்ஸ்களைக் கேட்டார்கள். கணவர் வழக்கம்போல மைக்குக்கு எக்கோவை நன்றாகத் திருகி விட்டார். எங்கள் ஆட்களுக்கு எக்கோ இல்லாவிட்டால் அது மைக்கே இல்லை. கோயில் திருவிழா அறிவித்தலிலிருந்து மாப்பிள்ளை வரவேற்பு வரை, சொன்ன சொல் கூரையில் முட்டித் திரும்பித் திரும்பி வர வேண்டும். அப்போதுதான் ஒரு விசேஷம் நடக்கிறது என்று மனம் நம்பும். ராப்காரன் வாயைத் திறந்தான். அவனுடைய சொற்கள் வேகமானவை. முதல் சொல் திரும்பி வருவதற்குள் ஒரு கூட்டம் சொற்கள் வெளியே வந்துவிட்டன. எல்லாம் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து, மீன்கடைக்காரர் நாலு பேர் ஒரே நேரத்தில் கூவியதுபோல் இருந்தது. பீட்காரன் மேடையிலிருந்து குதித்து ஓடிவந்து, கணவரின் கையை விலக்கிவிட்டு எக்கோவை முழுதாக அணைத்தான்.

"எக்கோ இல்லாட்டில் பிறகென்னத்துக்கு மைக்?" என்று கணவர் என்னைப் பார்த்துத் தமிழில் கத்தினார்.

அவனுக்குத் தமிழ் விளங்காது, ஆனால் முகம் விளங்கியது. "சியோ, எங்களிட்டை இருக்கிறது சொல்லு மட்டும்தான். அது கேக்க வேணும்," என்றான். சியோ என்றால் இத்தாலியனில் மாமா.

எக்கோ போனதும் ராப்காரனின் குரல் உலர்ந்த குரலாக, காதுக்குப் பக்கத்தில் நின்று கதைப்பதுபோல் வந்தது. அவன் இத்தாலியனில் சொன்னதெல்லாம் எனக்கே விளங்கியது. கடல் கடந்து வந்த கதை, ரெஸ்டோரண்டில் சட்டி கழுவுகிற கதை, பெர்மெஸ்ஸோ என்கிற வதிவிட அனுமதி எடுக்க குவெஸ்தூராப் பொலிஸ் வாசலில் விடியற்காலையில் நிற்கிற கதை. நானும் நின்ற வாசல்தான் அது. நிகழ்ச்சி முடிந்து வயர் சுற்றும்போது பீட்காரன் வந்து, கேட்காமலே மறுமுனையைப் பிடித்தான். முறுக்கு விழாமல் சுற்றினான். கணவரின் கோபம் அதோடு போய்விட்டது. அடுத்த மாதம் மகசீனோக் கதவின் திறப்பு ஒன்று அவர்களிடம் இருந்தது.

எங்கள் பழைய மெத்தையைச் சுவரில் சாத்தி வைத்து, அதற்கு முன்னால் மைக்கை நிறுத்தி, அதையே ஸ்டூடியோ என்றார்கள். பீட்காரன் லாப்டொப்போடு மூலையில் குந்திக்கொண்டிருப்பான். மெலிந்தவன், கதை குறைவு. ராப்காரன் அகலமானவன். ஸ்ஃபெர்ராகவால்லோவில் ஒரு மீன் ரெஸ்டோரண்டின் குசினியில் வேலை. நாங்கள் மச்சம் தொடாத வெள்ளிக்கிழமையாகப் பார்த்து மட்டி கொண்டுவந்து நீட்டுவான். நாங்கள் இரண்டு பேர் சேர்ந்து தூக்கும் பொக்ஸை ஒற்றைக் கையால் தூக்குவான். அவனைப் பிடிக்காமல் இருப்பது கஷ்டம், இன்றைக்கும் கஷ்டம்தான்.

பாட்டென்றால் சுதி சேர்ந்து வர வேண்டும் என்று வளர்ந்தவள் நான். இவர்கள் செய்தது முதலில் எனக்குப் பாட்டாகவே தெரியவில்லை. வேலை முடிந்து வருகிற வழியில் காது கொடுக்கத் தொடங்கிய பிறகுதான் கொஞ்சம் பிடிபட்டது. நைஜீரியாப் பெண்களின் தலைமுடி கட்டும் கடையில் ஒன்று பாடும், கானாக்காரரின் போன் கடையில் வேறொன்று, செனகல்காரரின் சாப்பாட்டுக் கடையில் இன்னொன்று. மொழி வேறு, மெட்டு வேறு. ஆனால் எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே இடி. தொப்பியும் சங்கிலியுமாக நிற்கிற பொடியன்களும் எல்லாக் கடை வாசலிலும் ஒரே மாதிரித்தான். அந்த இடி அமெரிக்காவிலிருந்து வந்தது என்று பீட்காரன் சொன்னான். முதலில் எல்லோரும் அமெரிக்காக்காரன் மாதிரியே கதைத்துப் பார்த்தார்களாம். பிறகு அலுத்துப்போய், இடியை மட்டும் வைத்துக்கொண்டு மேலே அவரவர் ஊரைப் போட்டார்களாம்.

"ஹிப்ஹொப் எங்களுக்கு என்ன தந்தது தெரியுமோ, மம்மா?" என்று ராப்காரன் ஒருநாள் கேட்டான். என்னை அவர்கள் அம்மா என்கிற அர்த்தத்தில் மம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். "ஆரும் வாயைத் திறக்கலாம் எண்டு தந்தது. ஆற்றையும் பிள்ளையாய்ப் பிறக்கத் தேவையில்லை."

பீட்காரன் லாப்டொப்பிலிருந்து தலையைத் தூக்கவில்லை. எனக்கு அந்தப் பேச்சு பிடித்துப்போனது. ஏன் பிடித்தது என்று சொல்வதற்கு எங்கள் வீட்டுக் கதையைச் சொல்ல வேண்டும்.

என் கணவர் தவில் வாசிக்கிற குடும்பம். என் அப்பா நாதஸ்வரம். மேளகாரர் என்று சொன்னால் ஊரில் எல்லோருக்கும் விளங்கும். தாலி கட்டும்போது எங்கள் மேளம் வேண்டும், சாமி வெளியே வரும்போது எங்கள் மேளம் வேண்டும். மேடையில் பொன்னாடை போர்த்துவார்கள், பந்தியில் எங்களை எங்கே இருத்துவது என்று யோசிப்பார்கள். மாட்டேன் என்று சொல்கிற வழக்கமும் எங்களுக்கு இல்லை. மேளகாரன் வரமாட்டேன் என்றால் அது நல்ல காரியத்துக்குக் குறுக்கே நிற்பது. கணவருக்கு நல்ல கை. இங்கே வந்தபோது அவர் தவிலைக் கொண்டுவரவில்லை. கேட்டதற்கு, "அதோடை கூட வாற மற்றச் சாமானெல்லாம் வேண்டாம்," என்றார். அதன் பிறகு அதைப் பற்றிக் கதைத்ததில்லை.

பலெர்மோவில் எங்கள் ஆட்கள் புதிதாக ஒருவரைக் கண்டால் முதலில் சுகம் கேட்பார்கள், பிறகு வேலை கேட்பார்கள், பிறகு சிரித்த முகத்தோடு, "ஊரிலை எந்தப் பக்கம்?" என்பார்கள். இன்ன கோயிலடி, இன்ன வாசிகசாலையடி என்று சொன்னால் போதும், ஆளை எங்கே வைப்பது என்று அவர்களுக்குத் தெரிந்துவிடும். கணவர், "ரவுண் பக்கம்" என்று பட்டணத்தைப் பொதுவாகச் சொல்லிவிட்டு வயரைக் குனிந்து எடுப்பார். தெரிந்தவர்களுக்கு எப்படியும் தெரியும். கலியாண மண்டபத்தில் சவுண்ட் போடுகிறவருக்குச் சாப்பாடு எப்போது வருகிறது, எங்கே வருகிறது என்பதில் அது எனக்குத் தெரிந்துவிடும். அவர் ஒன்றும் சொல்ல மாட்டார். நான்தான் காரில் வரும் வழியெல்லாம் பொரிந்து தள்ளுவேன்.

ஆகவே ராப்காரன் அப்படிச் சொன்னதும், இவனும் எங்களைப் போலத்தான் என்று நானே முடிவு கட்டிவிட்டேன். பாடுகிறான், ஊரில் இவனையும் தள்ளித்தான் வைத்திருப்பார்கள் என்று என் புத்தி கணக்குப் போட்டது. அந்தப் பாசத்தில் அவனுக்குச் சோற்றை அள்ளி அள்ளிப் போட்டேன். ஒருநாள் மகசீனோவில் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, எந்தக் கேள்வியைக் கேட்டால் எனக்கு உடம்பெல்லாம் எரியுமோ அதே கேள்வியை நானே சுற்றி வளைத்துக் கேட்டேன்.

"உன்ரை அப்பாவும் பாட்டுக்காரரோ?"

அவன் சாப்பாட்டை நிறுத்திவிட்டான். நான் அவன் தகப்பனைத் திட்டிவிட்டதுபோல் பார்த்தான். "என்ரை அப்பாவோ? இல்லை மம்மா! எங்கடை வீட்டிலை ஆரும் பாட மாட்டினம்."

"நீ பாடுறாய்தானே?"

"நான் பாடுறதில்லை. ராப் பாட்டில்லை, அது கதைக்கிறது. பாடினால் என்ரை அம்மா என்னோடை கதைக்க மாட்டா." சொல்லிவிட்டு நாடியால் மூலைப் பக்கம் காட்டினான். "பாடுற ஆக்கள் அவன்ரை ஆக்கள்தான்."

மிக இயல்பாகச் சொன்னான். குத்திக் காட்டவில்லை, பழிக்கவில்லை. பீட்காரனின் கை சோற்றுக்கும் வாய்க்கும் நடுவில் ஒருகணம் நின்று, பிறகு போனது. கணவர் என்னைப் பார்த்தார். எங்கள் இருவருக்கும் எல்லாம் விளங்கிவிட்டது. இத்தனை நாளும் நான் ஆளை மாற்றிப் பாசம் வைத்திருக்கிறேன். நான் மடியில் வைத்துச் சோறூட்டாத குறையாக வைத்திருந்தவன் பெரிய வீட்டுப் பிள்ளை.

மற்றதைப் பீட்காரன் பிறகு ஒருநாள், வயர்களுக்கு டேப் சுற்றிக்கொண்டே சொன்னான். அவர்கள் நாட்டில் அவர்களை ஜெலி என்பார்களாம். பெரிய வீட்டுக்காரரின் பரம்பரையைப் பாடிப் புகழ்வது ஜெலி வீட்டில் பிறந்தவரின் வேலை. கலியாணத்தில், பிள்ளைக்குப் பெயர் வைக்கையில், வந்து நின்று பாடுவார்கள். கேட்கிறவர் உருகிப்போய்க் கையில் காசை வைப்பார். குடும்பப் பெயரைச் சொன்னாலே யார் பாடுகிறவர், யார் கேட்கிறவர் என்று தெரிந்துவிடுமாம். ராப் வந்த பிறகு பெரிய வீட்டுப் பிள்ளைகளும் மைக்கைப் பிடிக்கத் தொடங்கினார்கள், கதைப்பதுதானே என்று. ஜெலி வீட்டுப் பிள்ளைகளில் சிலர் லாப்டொப்புக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டார்கள். பீட் அடிக்கிறவனிடம் வந்து யாரும் என் பூட்டனைப் புகழ் என்று கேட்பதில்லை.

"உனக்குப் பாடத் தெரியுமோ?" என்று கேட்டேன்.

"தெரியும் மம்மா. அதுதான் பிரச்சினை." டேப்பைப் பல்லால் கடித்து அறுத்தான். "எனக்குப் பெரிய ஆளாக வரவேணும் எண்டில்லை. ஒருத்தரும் என்னைப் பாடச் சொல்லிக் கேக்காத இடத்திலை இருக்க வேணும், அவ்வளவுதான். இது அப்பிடி ஒரு இடம்."

அவன் இது என்று சொன்னது யன்னல் இல்லாத எங்கள் மகசீனோவை.  அன்றிலிருந்து நான் அவனுக்காக உள்ளுக்குள் பயந்துகொண்டே இருந்தேன்.

வசந்தத்தில் ராப்காரனுக்கு ஆண்பிள்ளை பிறந்தது. அவர்களுக்குப் பெயர் வைக்கிற சடங்கு ஒரு கிழமைக்குள் நடக்கும். குழந்தைக்கு முடி இறக்கி, பெரியவர் ஒருவர் காதில் பெயரைச் சொல்வார். சந்தைக்குக் கிட்ட ஒரு பழைய மண்டபத்தை எடுத்தார்கள். ஞாயிறு காலை, சவுண்ட் நாங்கள். அதற்கு முந்தின நாளெல்லாம் மகசீனோவில் ராப்காரனின் தாய் போனில்தான் குடியிருந்தாள். அவள் பேசியது மண்டிங்கா மொழி, எனக்கு ஒரு சொல் தெரியாது. ஆனால் தாயின் குரல் எந்த மொழியில் என்ன கேட்கிறது என்பது தெரியாமலா போகும். முதலில் அவன் சிரித்து மழுப்பினான். பிறகு வாதாடினான். பிறகு "ஓம், ஓம்" என்று மட்டும் சொன்னான். பீட்காரன் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். திரையில் ஒன்றும் ஓடவில்லை.

மண்டபம் நிறைய ஆட்கள். பெண்கள் மினுங்குகிற உடுப்பில், பிள்ளைகள் பலெர்மோ இத்தாலியனில் கத்திக்கொண்டு. பெயர் வைத்து முடிந்தது. கணவரும் நானும் ஒரு மூலையில் மிக்சரோடு நின்றோம். பீட்காரன் எங்களோடு நின்றான், எங்களுக்கு உதவிக்கு என்று சொல்லி. ராப்காரன் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு எங்கள் மூலைக்கு வந்தான். திரையில் அவன் தாய், வெள்ளை முக்காட்டோடு.

அவன் அதட்டவில்லை. மற்றக் கையால் நண்பனின் கையைப் பிடித்து, தலையைத் தாழ்த்தி, மெல்லக் கேட்டான். இத்தாலியனில் கேட்டது எங்களுக்காகவோ, தன் மொழியில் கேட்க வாய் வராமலோ, எனக்குத் தெரியாது.

"அம்மாவுக்காக. ஒரே ஒருக்கா. வீட்டிலை ஒரு ஜெலியை வைச்சுக்கொண்டு பிள்ளைக்குச் சும்மா பேர் வைச்சிட்டியோ எண்டு அழுகிறா. நீ இல்லையெண்டால் நான் ஆரைக் கேப்பன்?"

இல்லை என்று சொல், சொல்லிவிடு என்று நான் மனதுக்குள் கெஞ்சினேன். அவன் மைக்கைப் பார்த்தான். மண்டபம் எங்கள் பக்கம் திரும்பிவிட்டது. பெரியவர் ஒருவர் கை தட்டி அவன் குடும்பப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். அப்போது என் கணவரின் கை மிக்சருக்குப் பின்னால் போவதைக் கண்டேன். பொக்ஸ்கள் டப்பென்று செத்தன.

"கரண்ட் போயிட்டுது," என்றார் கணவர் இத்தாலியனில். முகத்தில் ஒன்றுமே இல்லை. இத்தனை வருடத்தில் ஒரு சபையிலும் கரண்டைச் சாக விடாத மனிதன். எனக்கு அவரைக் கட்டிப்பிடிக்க வேண்டும்போல் இருந்தது.

ஆனால் அந்தப் பெரியவர் சிரித்தார். ஏதோ சொன்னார். மண்டபமே சிரித்தது. பக்கத்தில் நின்ற ஒரு பெண் எங்களுக்கு அதை மொழிபெயர்த்துச் சொன்னாள், நல்ல மனதோடுதான் சொன்னாள். "ஜெலிக்கு என்னத்துக்கு மைக் எண்டு கேக்கிறார்."

அவன் பாடினான். நன்றாகப் பாடினான் என்று சொல்வதற்கே எனக்கு எரிச்சலாக இருக்கிறது. இத்தனை காலமும் அந்தக் குரலை எங்கே வைத்திருந்தானோ, மண்டபத்தின் கடைசிச் சுவர் வரை போனது. தரையில் விளையாடிய பிள்ளைகள் வாய் பிளந்து நின்றார்கள். போனுக்குள் தாய் அழுதாள். ராப்காரன் அழுதான். அழுதுகொண்டே ஒரு காசுத்தாளை எடுத்துப் பீட்காரனின் கையில் வைத்து விரல்களை மூடினான். அவன் அதை வாங்கிக்கொண்டு குனிந்தான். அந்தக் குனிவை எனக்குத் தெரியும், என் அப்பாவிடம் பார்த்திருக்கிறேன்.

பிறகு சாப்பாடு. மண்டபத்தில் இடம் காணாது என்று எங்களுக்குப் பின்னறையில் கொண்டுவந்து வைத்தார்கள். உண்மையிலேயே இடம் காணாமல் இருந்திருக்கலாம். பீட்காரனுக்கும் அங்கேதான் வந்தது. என்ன பாடினாய் என்று கேட்டேன். "உங்கடை பூட்டன் குதிரையிலை போனார், எங்கடை பூட்டன் கீழே நடந்து போய்ப் பாடினார். அவ்வளவுதான் மம்மா, அதையே நீட்டி நீட்டி," என்றான். கணவர் தன் தட்டிலிருந்த இறைச்சியை எடுத்து அவன் தட்டில் போட்டார். 

அதோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். அடுத்த கிழமை ராப்காரன் மகசீனோவுக்கு ஓடி வந்தான், கண்ணெல்லாம் வெளிச்சம். அன்றைக்குப் பாடியதை யாரோ பிடித்து அவன் போனுக்கு அனுப்பியிருக்கிறார்கள். "இதை வெட்டி எடுத்து கீழே இடியைப் போடு. உன்ரை குரல் சுத்திச் சுத்தி வரட்டும், நான் மேலே கதைக்கிறன். இப்பிடி ஒண்டு இத்தாலியிலை ஒருத்தரும் செய்யேல்லை." கேட்கும்போது அவன் நண்பனின் தோளில் கை போட்டிருந்தான். அவன் மனதில் ஒரு கள்ளமும் இருக்கவில்லை, அதைச் சத்தியம் பண்ணிச் சொல்வேன்.  பீட்காரன் போனை வாங்கி வயரில் மாட்டினான். ஒரே இருப்பில் செய்து முடித்தான்.

அவன் செய்த பீட்டுகளில் அதுதான் நல்லது. அந்தக் கோடையில் பல்லரோவில் எந்தக் கடைக்குப் போனாலும் அந்தப் பாட்டு. வியா மக்வேதா என்கிற பெரிய தெருவில் கடைகளுக்கு முன்னால் பொடியன்கள் போனை வைத்து அதற்கு ஆடினார்கள், வெள்ளைக்காரர் சுற்றி நின்று படம் பிடித்தார்கள். மேலே ராப்காரன் இத்தாலியனில், எனக்கு மேலே யாரும் இல்லை, எனக்குக் கீழேயும் யாரும் இல்லை என்று அடித்துச் சொல்லிக்கொண்டு போகிறான். அடியில், இடிக்கு நடுவில், பீட்காரனின் குரல் சுற்றிச் சுற்றி வந்து ராப்காரனுடைய பூட்டனைக் குதிரையில் ஏற்றிக்கொண்டே இருக்கிறது. ஆடுகிறவர்களுக்கு மொழி தெரியாது. அந்தக் குரல் என்ன சொல்கிறது என்று எனக்குத் தெரியும் என்பதால் பையைத் தூக்கிக்கொண்டு வேகமாக நடந்துவிடுவேன்.

இலையுதிர் காலம் வருமுன் பீட்காரன் வடக்கே போய்விட்டான், மிலானுக்கு அப்பால் ஒரு சாமான் கிடங்கில் வேலை. போகும்போது திறப்பைக் கணவரின் கையில் கொடுத்தான். நிகழ்ச்சி கேட்டு ராப்காரனுக்குப் பல ஊர்களிலிருந்து அழைப்பு வருகிறது. ஜெலியையும் கூட்டிக்கொண்டு வா என்கிறார்களாம். ஒருநாள் நான் பீட்காரனுக்கு போன் எடுத்தேன். பாட்டு இன்னும் ஓடுகிறது என்றேன், கேட்கிறேன் என்றான். எனக்குப் பொறுக்கவில்லை.

"நீ ஏன்ரா அதைச் செய்து குடுத்தனி? இல்லை எண்டு சொல்லியிருக்கலாமே."

அந்தப் பக்கம் ஏதோ மெஷின் ஓடுகிற சத்தம். "சொல்லியிருக்கலாம், மம்மா," என்றான். "ஆனா அவன் மரியாதையாய்க் கேட்டவன்."

கள்ளமாகக் கேட்டிருந்தால் சண்டை பிடித்திருப்பானாம். அதட்டியிருந்தால் எழும்பிப் போயிருப்பானாம். அவர்களிடம் எல்லோரும் எப்போதும் மரியாதையாகத்தான் கேட்பார்களாம், பூட்டனிடமும் அப்படித்தான் கேட்டிருப்பார்கள் என்றான்.  அன்று பின்னேரம் நான் போக வேண்டிய சிஞ்ஞோராவின் வீட்டுக்குப் போகவில்லை, காய்ச்சல் என்று சொன்னேன்.

இது நடந்து கொஞ்ச நாளில் எங்கள் வீட்டில் போன் அடித்தது. கணவர் மேசையில் ஒரு மைக் வயருக்கு ஈயம் ஒட்டிக்கொண்டிருந்தார். இரண்டு கையும் வேலையில், அதனால் போனை ஸ்பீக்கரில் போட்டார். எங்கள் ஆட்களில் பெரிய மனிதர் ஒருவர். மகளுக்குக் கலியாணம், சவுண்ட் எங்களுக்குச் சொல்லியிருந்தார். சுகம் கேட்டார், பிள்ளைகளைக் கேட்டார், ஒரு தரம் இருமினார்.

"தம்பி, குறை நினைக்கக்கூடாது. ஜெர்மனியிலை இருந்து வாற மேளச்செட்டிலை தவில்காரருக்குக் கை முறிஞ்சு போச்சாம். உங்கடை கையைப் பற்றி நாங்கள் கேள்விப்படாததில்லை. தாலி கட்டுற நேரம் மட்டும், ஒரு பத்து நிமிசம். நீங்கள் இல்லையெண்டால் நான் ஆரைத் தம்பி கேப்பன்? என்ரை பிள்ளையை உங்கடை பிள்ளை எண்டு நினைச்சு வாங்கோ."

எவ்வளவு பணிவான குரல். கணவர் ஈயக்கோலை வைத்தார். அவர் முகத்தில் ஆசை இல்லை, கோபம் இல்லை, ஒன்றும் இல்லை. வாய் மட்டும் ஓம் என்று சொல்லத் திறந்துகொண்டு வந்தது. நான் எட்டிப் போனை எடுத்தேன்.

"அண்ணை, அவர் வாசிக்க மாட்டார்."

"தங்கச்சி, ஒரு நல்ல காரியம். அவர் என்ன சொல்லுறார் எண்டு கேப்பமே."

"அவர் சொல்ல மாட்டார், அண்ணை. சொல்ல அவருக்கு வாய் வராது. அதுதான் நான் சொல்லுறன். அவர் வாசிக்க மாட்டார்."

 சரி தங்கச்சி என்று மிக மெல்லச் சொல்லிப் போனை வைத்தார்.  இனி அந்தக் கலியாணத்துக்கு எங்கள் பொக்ஸ் போகாது, அதைப் பார்த்து வேறு வீடுகளுக்கும் போகாது என்று எனக்குத் தெரியும். கணவர் நிம்மதியாக மூச்சு விடுவார், ஒரு சொல் சொல்வார் என்று திரும்பிப் பார்த்தேன்.

கணவர் தலை குனிந்து அந்த வயரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏன் அப்பிடி முகத்திலை அடிச்ச மாதிரிக் கதைச்சனீர்?" என்றார். "அந்த மனிசன் மரியாதையாய்த்தானே கேட்டவர்."

நான் மேசையைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.